தனியாள் ஆட்டமும் தொலைவிலுள்ள திறவுகோலும்

ஒரு நூலை விலைகொடுத்து வாங்கியவன் அதனைத் தன் இல்லத்திற்குக் கொண்டுசென்று, விரும்பிய பொழுதில் விரும்பிய பக்கத்தைத் திறந்து படிக்கலாம். அச்சிட்டவர் அச்சகத்தை மூடினும், விற்றவர் வணிகத்தைக் கைவிடினும், அவன் கையிலுள்ள நூலின் எழுத்துக்கள் மறைந்துபோவதில்லை. இஃது எல்லாரும் அறிந்த உண்மையாதலின் ஒருவரும் இதனை எடுத்துக் கூறுவதில்லை. ஆயின், பக்கம் புரட்டுந்தோறும் கடல்கடந்த நகரொன்றிலுள்ள பதிப்பாளரிடம் ஆள் அனுப்பி உத்தரவு பெற்றாலன்றித் திறவாத நூலொன்றை எண்ணிப் பாருங்கள். ஆள் போகும் வழியை வெள்ளம் மறித்தால் அன்று படிப்பில்லை. பதிப்பாளர் கதவடைத்தால் என்றைக்குமே இல்லை. நூலுலகில் நகைப்புக்கு இடமாகும் இம்முறை, கணினி விளையாட்டுலகில் 2010 ஆம் ஆண்டு முதலாக வழங்கி வருகின்றது. ஒருவர் தனித்திருந்து ஆடுதற்கென்றே அமைந்த ஆட்டமும், ஆடும் நேரம் முழுவதும் அதனை ஆக்கிய கம்பனியின் சேவையகத்தோடு இணையத் தொடர்பு கொண்டிருந்தாலன்றி இயங்காது என விதிக்கும் பிரதிக் காப்பு முறையே அது. அதன் இயல்பையும், அதனாற் படைப்புக்கு நேர்ந்த கேட்டையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரி மலரொன்றில் விளையாட்டைப் பற்றிய திறனாய்வுக்கு இடமுண்டோ என வினவுவார் உளர். கதை, ஓவியம், இசை, கட்டடக் கலை ஆகியவற்றைத் தன்னுள் அடக்கி, காண்பானையே செய்வானாகவும் ஆக்கும் ஒரு கலைவடிவத்தை விளையாட்டு என்னும் பெயர் பற்றி ஒதுக்கிவிடுதல் முறையன்று. நம் மாணவருட் பலர் ஒரு புதினத்திற்குச் செலவிடும் நேரத்தைவிடப் பன்மடங்கு நேரத்தை இவ்வாட்டங்களிற் செலவிடுகின்றனர். அவர்தம் உள்ளத்தை உருவாக்கும் ஒன்றை ஆராயாது விடுவோமாயின் அது திறனாய்வாளரின் குறையேயன்றி வேறன்று.

மற்றொரு தடையும் எழக்கூடும். பூட்டு என்பது வணிகத்தைச் சார்ந்தது, அதனைக் கொண்டு படைப்பை மதிப்பிடலாமோ என்பதே அது. நூலின் அட்டை கிழிந்திருப்பதால் நூல் குற்றமுடையதாகாது என்பது மெய்யே. ஆயின் இங்கே பூட்டு அட்டையன்று. ஆட்டத்தின் காலவோட்டம், களத்தின் பரப்பு, ஆடுவானின் தனிமை, முன்செய்த செயலைச் சேமித்து வைக்கும் முறை ஆகிய உறுப்புக்களிலெல்லாம் அது ஊடுருவி நிற்கின்றது. உறுப்பிற் புகுந்த குற்றம் படைப்பின் குற்றமாகவே கொள்ளத்தக்கது. நூலுக்குப் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் வகுத்துரைத்த நன்னூலாரின் மரபில் வந்த நமக்கு இது புதிய கருத்தன்று.

முதலில் இதன் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். ஆட்டங்களைப் படியெடுப்பதும் அதனைத் தடுக்க முயல்வதும் தனியாட் கணினியோடு உடன்பிறந்தவை. 1989 ஆம் ஆண்டில் வில் றைற் என்பார் ஆக்கிய சிம்சிற்றி என்னும் நகரமைப்பு ஆட்டத்தோடு கருஞ்சிவப்புத் தாளொன்று வந்தது. அத்தாளில் அச்சான குறியீடுகளைப் பார்த்து ஆட்டம் கேட்கும் வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும். தாளின் நிறம் காரணமாகப் போட்டோப் பிரதி இயந்திரத்தால் அதனைத் தெளிவாகப் படியெடுக்க இயலவில்லை. 1990 இல் வெளிவந்த மங்கி ஐலண்ட் என்னும் ஆட்டத்தில் கடற்கொள்ளையரின் முகங்களைப் பொருத்திப் பார்க்கும் அட்டைச் சக்கரமொன்று இருந்தது. இவை சிறிது தொல்லை தந்தன என்பது உண்மை. எனினும் அவற்றின் நேர்மையொன்றை மறத்தலாகாது. பூட்டும் திறவுகோலும் ஒரே பெட்டியில் வந்தன. இரண்டும் வாங்கியவன் கையிலேயே இருந்தன. தாளைப் பத்திரமாக வைத்திருப்பவன் அவ்வாட்டத்தை இன்றும் எவரையும் கேளாது ஆடலாம்.

பின்னர் இறுவட்டைக் கணினியினுள் வைத்திருத்தல் வேண்டும் என்ற முறை வந்தது. அதன்பின் முதன்முறை மட்டும் இணையத்தில் பதிவுசெய்தல் வேண்டும் என்ற முறை வந்தது. ஒவ்வொரு படியிலும் திறவுகோல் வாங்கியவனைவிட்டுச் சிறிது சிறிதாக விலகிச் சென்றது. 2010 மார்ச்சில் யூபிசொவ்ற் என்னும் பிரெஞ்சுக் கம்பனி அசாசின்ஸ் கிரீட் இரண்டாம் பாகத்தைக் கணினிக்கு வெளியிட்டபோது அது முற்றாகவே அகன்றது. மறுமலர்ச்சிக் கால இத்தாலியின் புளோரன்ஸ், வெனிஸ் நகரங்களை நுணுக்கமாகத் தீட்டிக் காட்டும் அவ்வாட்டம் ஒருவர் தனித்து ஆடுவதாகும். பிறரோடு கூடி ஆடும் பகுதி அதில் இல்லை. இருந்தும் இணையத் தொடர்பு அற்றால் ஆட்டமும் அற்றுப்போகும்படி அதனை அமைத்தனர். வெளிவந்த சில நாட்களிலேயே கம்பனியின் சேவையகங்கள் செயலிழந்தன. அவை தாக்கப்பட்டன எனக் கம்பனி அறிவித்தது. தாக்கியவர் யாராயினும், விலைகொடுத்து வாங்கியோர் பலர் தம் ஆட்டத்தைத் திறக்க முடியாது காத்திருந்தனர் என்பதே நாம் கருதத்தக்கது. 2012 செப்ரெம்பரில் அக்கம்பனியே இம்முறையைக் கைவிட்டதாக வெளிப்படக் கூறியது.

அதே ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் பிளிசார்ட் கம்பனியின் டயப்ளோ மூன்றாம் பாகம் வெளிவந்தது. முதல் நாளிலேயே 35 இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. ஆயின் வாங்கியவர்களுட் பலர் அன்று கண்டது அரக்கரையும் மாவீரரையும் அன்று. சேவையகம் நிறைந்துவிட்டது, பின்னர் முயல்க என்று அறிவிக்கும் 37 ஆம் இலக்கப் பிழைச்செய்தியையே. வஞ்சக ஆட்டத்தைத் தடுத்தற்கும், ஆட்டத்தினுள் அமைந்த ஏலச்சந்தையைக் காத்தற்கும் நிலையான இணைப்பு இன்றியமையாதது எனக் கம்பனியார் காரணங் கூறினர். அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் அதே ஆட்டம் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பொறிகளுக்கு வந்தபோது, இணைப்பின்றியே தனித்து ஆடக்கூடியதாய் இருந்தது. ஏலச்சந்தையும் 2014 மார்ச்சில் மூடப்பட்டது. ஒரு பொறியில் இன்றியமையாததாகச் சொல்லப்பட்டது மற்றொரு பொறியில் இன்றியே அமைந்ததெனின், அஃது ஆட்டத்தின் உயிருறுப்பன்று என்பது தானே விளங்கும்.

இனி, இவ்வகைப் பூட்டு படைப்பினை எங்ஙனம் சிதைக்கும் என்பதற்குத் தலையாய சான்றாக 2013 ஆம் ஆண்டின் சிம்சிற்றியை எடுத்துக்கொள்வோம். முன் குறித்த 1989 ஆம் ஆண்டு ஆட்டத்தின் வழிவந்த புத்தாக்கம் அது. இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கம்பனியின் கீழ் மக்சிஸ் நிறுவனத்தார் ஆக்கி, அவ்வாண்டு மார்ச் 5 ஆம் நாள் அமெரிக்காவில் வெளியிட்டனர்.

மூலவாட்டத்தின் சிறப்பு யாது? வெறுநிலத்தைக் கண்டு, வீதி அமைத்து, மின்நிலையம் நிறுவி, வரி விதித்து, மக்கள் குடியேறுவதை இருந்து காணும் அமைதியான தனிமையே அதன் சிறப்பாகும். அங்கே காலம் ஆடுவானின் கையிலுள்ளது. மெல்ல நடத்தலாம், விரைந்து நடத்தலாம், நிறுத்திவைத்துச் சிந்திக்கலாம். நகரைச் சேமித்து வைத்துவிட்டு, வெள்ளத்தையோ நெருப்பையோ ஏவிப் பார்த்து, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரு தவறு எங்ஙனம் ஒரு நகரைக் கெடுக்கும் என்பதைப் பன்முறை முயன்று அறிதற்கு இவ்வுரிமை இன்றியமையாதது. பிழைசெய்து கற்றல் என்னும் கல்வித் தத்துவமே அவ்வாட்டத்தின் பொருளெனலாம்.

புதிய ஆட்டத்தில் இவ்வுரிமை பறிபோயிற்று. நகரம் ஆடுவானின் கணினியிலன்றிக் கம்பனியின் சேவையகத்தில் வைக்கப்பட்டமையால், நினைத்த இடத்திற் சேமித்து வைத்து, கெட்டபின் அந்நிலைக்கு மீளுதல் இயலாதாயிற்று. நகரின் எல்லை பக்கத்துக்கு இரண்டு கிலோமீற்றர் அளவிலான சதுரத்துள் அடங்கியது. அயல் நகர்களைப் பிறர் ஆள்வர் என்னும் அமைப்பில், தன்னிறைவான பெருநகரொன்றை ஒருவரே சமைக்கும் இன்பம் குறைந்தது. வெளிவந்த நாட்களில் சேவையகங்கள் சுமை தாங்காது திணறின. பலர் நெடுநேரம் வரிசையிற் காத்திருந்தனர். சிலர் தாம் கட்டிய நகரை இழந்தனர். சேவையகத்தின் சுமையைக் குறைக்கும் பொருட்டு, ஆட்டத்தின் மிகவிரைந்த காலவோட்டத்தைக் கம்பனியார் தற்காலிகமாக நிறுத்திவைத்தனர். அமேசன் வணிகத்தலமும் சில நாள் அதன் இணையவழி விற்பனையை நிறுத்தியது. ஆட்டத்தினுள்ளே காலம் எவ்வளவு விரைவாகச் செல்லல் வேண்டும் என்பதைப் படைப்பின் தேவை தீர்மானிக்கவில்லை. எங்கோ உள்ள இயந்திரத்தின் களைப்பே தீர்மானித்தது. பூட்டு கலையினுள் நுழைந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கம்பனியார் தந்த விளக்கமும் ஆராயத்தக்கது. நகரின் கணிப்புக்களிற் பெரும்பகுதி சேவையகத்திலேயே நிகழ்கின்றது. ஆதலின் பெருமுயற்சியின்றி இணைப்பற்ற ஆட்டமாக அதனை மாற்ற இயலாது என்றனர். இரு வாரங்கள் கழியுமுன், வெளியாள் ஒருவர் நிரலிற் சிறு மாற்றஞ்செய்து, இணைப்பின்றியே நகரம் தொடர்ந்து இயங்குவதைக் காட்டினார். 2014 மார்ச்சில் கம்பனியே இணைப்பற்ற தனியாள் முறையை வெளியிட்டது. முன்னொன்று கூறிப் பின்னதற்கு மாறாக நடத்தலை நம் இலக்கணிகள் மாறுகொளக் கூறல் என்பர். இங்கே அக்குற்றம் சொல்லில் நில்லாது செயலிலும் நிகழ்ந்தது. திருத்தம் வந்தபோதோ காலம் கடந்துவிட்டது. அவ்வாட்டத்தை ஆக்கிய எமெரிவில் நகர்ப் பணிமனை 2015 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் வீழ்ச்சிக்குப் பூட்டு ஒன்றே காரணம் என யாம் கூறத் துணியோம். எனினும் வரவேற்றுக் காத்திருந்த மக்களின் மதிப்பை அது கெடுத்தது என்பதில் ஐயமில்லை.

இவையெல்லாம் மேலைநாட்டுச் செய்திகள். நமக்கென்ன என்று இருத்தல் இயலாது. உண்மையில் இப்பூட்டின் கொடுமையை முழுமையாக உணரத்தக்க இடம் அமெரிக்கா அன்று; நம்மைப் போன்றார் வாழும் இடமே. களனி கங்கையின் வடகரையிலுள்ள பேலியகொடையில் வாழும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். தந்தை தந்த பணத்தைப் பல மாதம் சேர்த்து, அயல்நாட்டு நாணயத்தில் விலை குறித்த ஆட்டமொன்றை முறைப்படி அவன் வாங்குகின்றான். 2022 மார்ச் 31 ஆம் நாள் நாடெங்கும் 13 மணிநேர மின்வெட்டு. மடிக்கணினியின் மின்கலத்தில் இரண்டு மணிநேரத்துக்கான வலு எஞ்சியுள்ளது. ஆயின் வீட்டிலுள்ள இணையக் கருவிக்கு மின்சாரமில்லை. நெடிய மின்வெட்டில் கைத்தொலைபேசிக் கோபுரங்களும் சோர்ந்துவிடுகின்றன. ஆட்டம் திறவாது. அதே ஒழுங்கையில், அதே ஆட்டத்தின் பூட்டு உடைத்த களவுப் பிரதியைச் சில நூறு ரூபாவுக்கு வாங்கிய மற்றொருவன் மின்கலம் ஓயும்வரை தடையின்றி ஆடிக்கொண்டிருக்கின்றான். நேர்மையாளன் இருளிலிருக்கக் கள்வன் ஒளியிலிருக்கின்றான். கள்வனைத் தடுக்க இட்ட பூட்டு வாங்கியவனையே வெளியில் நிறுத்துமாயின், அதனைக் காப்பு என்பது சொல்லளவேயாம்.

இஃது அந்த ஒருநாட் செய்தியன்று. 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசெம்பர் 3, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. இறுதியாகக் கூறிய நாளில், பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்றே காரணம் என அமைச்சர் தெரிவித்தார். 2018 மார்ச், 2019 ஏப்ரில், 2022 ஏப்ரில் ஆகிய காலங்களில் சமூக ஊடகங்கள் அரசாணையால் முடக்கப்பட்டன. விளையாட்டுச் சேவையகங்கள் அவற்றுள் அடங்கவில்லையெனினும், இணைப்பு என்பது நம் கையில் இல்லாத ஒன்று என்பதை அவை உணர்த்தின. ஒரு குரங்கின் தாவலும் ஓர் அரசின் ஆணையும் தடுத்துவிடக்கூடிய பாதையின் மறுமுனையில், தனித்து ஆடும் ஆட்டத்தின் திறவுகோலை வைத்தல் எவ்வகையில் அறிவுடைமையாகும்? இணைப்பு என்றும் உண்டு எனக் கொண்டு வரைந்த திட்டம், அதனை வரைந்தவரின் நகரத்தையே உலகமெனக் கருதியது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் யாழ்ப்பாணமும் அவ்வரைபடத்தில் இல்லை.

எதிர்வாதத்தையும் நடுநிலையோடு கேட்டல் நம் கடன். நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டு உழைத்து ஆக்கிய படைப்பை ஓர் இரவில் படியெடுத்து விற்றல் திருட்டேயாகும். இவ்விடயத்தில் நம் நகரம் தூயது என்று கூறிக்கொள்ள இயலாது. இறுவட்டுக் காலத்தில் கொழும்பின் தெருவோரங்களில் களவுப் பிரதிகள் வெளிப்படையாக விற்பனையாகியதை மூத்த தலைமுறையினர் அறிவர். அவற்றாலேயே பலர் இக்கலையை முதன்முதல் அறிந்தனர் என்பதும், அதனால் ஆக்கியோர்க்கு ஒரு சதமும் சேரவில்லை என்பதும் ஒருங்கே உண்மை. முதற்சில வாரங்களில் விற்பனையைக் காத்தல் கம்பனிக்கு உயிர்நிலை என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆயின் இவ்வாதம் நிறுவுவது யாது? பூட்டு வேண்டும் என்பதை வேண்டுமாயின் நிறுவலாம். திறவுகோல் என்றென்றைக்கும் விற்றவனிடமே இருத்தல் வேண்டும் என்பதை அது நிறுவாது. முதற்சில வாரத்துக்குரிய காரணம் இருபதாண்டுத் தடைக்குக் காரணமாகாது. பூட்டே இன்றி விற்றும் பொருளீட்ட முடியும் என்பதற்கும் சான்றுண்டு. போலந்து நாட்டுச் சிடி புறொஜெக்ற் கம்பனி 2008 ஆம் ஆண்டில் தொடங்கிய இணையக் கடையில் விற்கும் தனியாள் ஆட்டங்கள் பிரதிக் காப்பு இன்றியே விற்கப்படுகின்றன. அக்கம்பனி 2015 இல் ஆக்கிய விற்சர் மூன்றாம் பாகம் முதல் நாளிலிருந்தே அங்கு பூட்டின்றிக் கிடைத்தது. அவ்வாட்டம் எல்லாப் பொறிகளிலுமாக ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையானதாக 2023 இல் அறிவிக்கப்பட்டது. மக்கள் அனைவரும் கள்வரல்லர். நம்பி விற்றவரிடம் நம்பி வாங்கியோர் பலர்.

சட்டத்தின் நோக்கையும் ஈண்டுக் கருதுதல் தகும். நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பதிப்புரிமை அளிக்கின்றது. அதே சட்டம், நிரலின் பிரதியொன்றைச் சட்டப்படி உடையவர், அஃது அழிந்தாலோ பயன்படாதொழிந்தாலோ ஈடுசெய்யும் பொருட்டுத் தமக்கென ஒரு பிரதி எடுத்து வைத்தற்கும் இடமளிக்கின்றது. ஆக்கியோன் உரிமை, வாங்கியோன் உரிமை ஆகிய இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுக்கள் எனச் சட்டம் இயற்றியோர் கருதினர் போலும். ஆயின் சேவையகமின்றி இயங்காத ஆட்டத்தின் பிரதியை எடுத்துப் பேழையில் வைத்தாலும் பயனென்? சட்டம் ஒரு கையால் தந்ததைப் பூட்டு மறுகையால் மீட்டுக்கொள்கின்றது. இதனினும் நுண்ணியதொரு சூழ்ச்சி விற்பனைச் சொல்லில் உள்ளது. கடையில் காணும் சொல் வாங்குக என்பது. ஒப்பந்தத்தின் அடியில் காணும் சொல்லோ உரிமம் என்பது. வாங்கியவன் உடையவனாகான், விற்றவன் விரும்புங்காறும் பயன்படுத்தும் இரவலனாகவே இருக்கின்றான். 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்ணியா மாநிலச் சட்டமொன்று, இத்தகைய உரிமத்தை விற்போர் அஃது உரிமமே என்பதை வாங்குவோர்க்குத் தெளிவுறக் கூறல் வேண்டும் என விதித்துள்ளது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள பிளவைச் சட்டமே ஒப்புக்கொண்டது எனலாம்.

இதுகாறும் கூறியவை வாழும் ஆட்டங்களைப் பற்றியவை. அவற்றின் இறப்பே நாம் மிகுதியும் அஞ்சத்தக்கது. யூபிசொவ்ற் கம்பனி 2014 டிசெம்பரில் வெளியிட்ட த க்ரூ என்னும் மோட்டார் ஓட்டப்பந்தய ஆட்டத்தில், அமெரிக்க நாடு முழுவதையும் சுருக்கி அமைத்த பெருங்களமும் தனித்து ஆடக்கூடிய கதையும் இருந்தன. எனினும் தொடர்பின்றி அஃது இயங்காது. 2024 மார்ச் 31 ஆம் நாள் சேவையகங்கள் மூடப்பட்டன. அன்று முதல் விலைகொடுத்து வாங்கிய இறுவட்டு அலுமாரியிலிருந்தும் ஆட்டம் இல்லை. நூல் கிழியவில்லை, செல்லரிக்கவில்லை, எரியவில்லை. உத்தரவு தருவார் இல்லை என்பதால் மட்டும் அது மாய்ந்தது. தனக்குரிய இறப்பு நாளைத் தன்னுள்ளேயே கொண்டு பிறக்கும் கலைப்படைப்பை இதற்கு முன் உலகம் கண்டதில்லை.

இவ்விடத்தில் நம் மரபை நினைவுகூர்தல் பொருந்தும். பேலியகொடையில் 1875 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வித்தியாலங்காரப் பிரிவெனா, ஏடுகளைப் போற்றிக் கற்ற பௌத்தத் துறவியரின் கல்விக்கழகம். அத்துறவியர் போற்றும் பாளித் திருமுறைகள் கிறித்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில் மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் முதன்முதல் எழுத்தில் வடிக்கப்பட்டன என்பது மரபுவழிச் செய்தி. பஞ்சத்தாலும் போராலும் ஓதுவார் அருகியபோது, மனத்தில் மட்டும் இருந்தது அழிந்துவிடும் என அஞ்சிப் பல ஏடுகளில் எழுதிவைத்தனர். ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டே. அதனை வென்று அவை நம்மிடம் வந்தமைக்குக் காரணம், தலைமுறைதோறும் படியெடுத்த கைகளே. தமிழும் அவ்வாறே வந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஊரூராகத் தேடிப் பெற்ற பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். ஒரே பிரதி இருந்து அதுவும் பூட்டியிருந்ததாயின், அவர் தேடுதற்கும் ஒன்றிராது. நாம் கற்பதற்கும் ஒன்றிராது.

ஒரே இடத்தில் வைத்ததன் விளைவையும் நாம் அறிவோம். 1981 மே 31 ஆம் நாளிரவு தொடங்கி யூன் 1 வரை எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்களும் சுவடிகளும் இருந்தன என்பர். அவற்றுள் வேறிடத்தில் பிரதியிருந்தவை மீண்டும் கிடைத்தன, பிரதியில்லாதவை மீளவேயில்லை. அப்பேரிழிவுச் செயலையும் ஒரு வணிகக் கம்பனியின் கணக்கையும் ஒன்றென யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் எரிந்ததற்கு இழுக்காகும். கற்கவேண்டிய பாடமே ஒன்று. பல இடங்களிற் பலர் கையில் இருப்பதே நிலைக்கும். ஓரிடத்தில் ஒருவர் கையில் இருப்பது அவ்விடத்தின் ஊழையே தன் ஊழாகப் பெறும். இதனை விலைகொடுத்து அறிந்த மக்கள், இன்று 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களைப் பதிவேற்றி, எவரும் தரவிறக்கி வைத்துக்கொள்ள விடுகின்றனர். படியெடுத்தல் அங்கே களவன்று, காவல்.

அங்ஙனமாயின் தீர்வு யாது? ஆட்டங்களை விலையின்றித் தருக என எவரும் கேட்கவில்லை. த க்ரூ மூடப்பட்டதையொட்டி 2024 இல் றொஸ் ஸ்கொட் என்பார் தொடங்கிய இயக்கத்தின் கோரிக்கை எளியது: சேவையகத்தை மூடும் கம்பனி, வாங்கியோர் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் ஆட்டத்தை விட்டுச் செல்லல் வேண்டும் என்பதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் பொருட்டு எழுந்த குடிமக்கள் விண்ணப்பம், 2025 யூலையில் முடிவதற்குள் 10 இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. இது செய்தற்கரிய செயலன்று என்பதற்குச் சிம்சிற்றியின் 2014 ஆம் ஆண்டுத் திருத்தமே சான்று. மக்கள் ஒருமித்துக் கூறின் கம்பனிகள் செவிசாய்க்கும் என்பதற்கும் சான்றுண்டு. எக்ஸ்பொக்ஸ் வன் பொறி 24 மணிநேரத்துக்கு ஒருமுறையேனும் இணையத்தோடு தொடர்புகொள்ளல் வேண்டும் என அறிவித்த மைக்ரோசொப்ற் கம்பனி, எதிர்ப்புக் கண்டு 2013 யூனில், பொறி வெளிவருமுன்னரே அவ்விதியைக் கைவிட்டது.

நம்மால் இயல்வனவும் சில உள. ஆட்டமொன்றை வாங்குமுன், இணைப்பின்றி அது திறக்குமா என வினவுதல் வேண்டும். பூட்டின்றி விற்பார் உளராயின், விலை சிறிது மிகினும் அவரிடமே வாங்குதல் வேண்டும். களவுப் பிரதியை நாடுவது நம் வாதத்தையே கெடுக்கும். திறனாய்வு எழுதுவோர் கதை, ஓவியம், இசை ஆகியவற்றோடு இதனையும் ஓர் உறுப்பாகக் கொண்டு குறைநிறை காணுதல் வேண்டும். மின்வெட்டில் திறவாத தனியாள் ஆட்டம், மற்றெல்லா அழகும் நிரம்பியதாயினும், முற்றுப்பெறாத படைப்பே. நாளை நம் மாணவருள் ஒருவர் தாமே ஓர் ஆட்டம் ஆக்குவாராயின், அதன் திறவுகோலை வாங்குவோன் கையிலேயே கொடுக்கும் துணிவு அவர்க்கு வாய்க்குமாக.

இறுதியாக ஒன்று. ஒரு கலைப்படைப்பு எத்துணைச் சிறந்தது என்பதற்கு அதன் காலத்து மக்கள் ஒரு சான்று. அக்காலத்தைக் கடந்து வருவோர் அதனினும் பெரிய சான்று. அச்சான்றாளர் வருமுன் கதவை மூடிவிடும் பூட்டு, இன்றைய வாங்குவோனை மட்டுமன்றி ஆக்கியோனையும் வஞ்சிக்கின்றது. 1989 ஆம் ஆண்டில் வில் றைற் சமைத்த நகரை, அச்சிவப்புத் தாளைக் கையில் வைத்திருப்பவர் இன்றும் திறந்து நுழையலாம். 2014 ஆம் ஆண்டில் வேறு நூற்றுக்கணக்கானோர் உழைத்துச் சமைத்த நாட்டினுள், விலைகொடுத்து வாங்கியவரும் இன்று அவ்வாறு நுழைதல் இயலாது. ஆக்கியோர் உழைப்பில் குறையில்லை. திறவுகோலை வைத்த இடமே குறை.